ஏறுவோர் இரவலர் அல்லர்!

தமிழ்நாட்டில் 2021 மே 8 ஆம் நாள் தொட்டு, எளிய கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். (‘சாதாரணக் கட்டணம்’ என்பது அரசின் சொல், நாம் எளிய கட்டணம் என்றே எழுதுவோம்.) அன்று புதிதாகப் பொறுப்பேற்ற அரசு முதல் நாளிலேயே ஒப்பமிட்ட ஆணைகளுள் இதுவும் ஒன்று. திருநங்கையரும், மாற்றுத்திறனாளரும், அவர்க்குத் துணையாக வருவோரும் பின்னர் இதனுள் சேர்க்கப்பெற்றனர். எக்கட்சி செய்தது என்று பாராது நற்செயலை நற்செயல் என்றே சொல்வது நம் வழக்கமாகலின், இதனை நெஞ்சார வரவேற்கின்றோம்.

ஆனால், அத் திட்டத்தோடு கூடவே ஒரு சொல்லும் பேருந்தில் ஏறிக்கொண்டது. ‘ஓசி’ என்பதே அச்சொல். படியில் கால் வைக்கும் பெண்ணை நோக்கி, “ஓசிதானே, உள்ளே தள்ளிப் போ” என்பாரும், இருக்கையில் அமர்ந்துகொண்டு, “ஓசி வண்டி வந்தாலும் வந்தது, நமக்கு இடமில்லை” என்று முணுமுணுப்பாரும் பெருகிவிட்டனர். இவர்கள் அறியாமையாற் சொல்கின்றனர் எனலாம். 2022 இல் ஓர் அமைச்சரே பொதுமேடையில் இச்சொல்லை மகளிர்மேல் எறிந்து, நாடெங்கும் கண்டனத்திற்கு உள்ளானாரே, அதனை என்னென்பது?

அச்சொல்லுக்குத் தமிழில் வேர் இல்லை. கும்பணியார் ஆட்சியில், அவர்தம் அலுவல் அஞ்சலுக்குக் கட்டணம் வேண்டா என்பதற்கு அடையாளமாக உறைமேல் இட்ட ஆங்கில எழுத்துகள் இரண்டே பின்னர் ‘ஓசி’ ஆயின என்பர். அங்ஙனமாயின், அன்று ஓசியில் உண்டு கொழுத்தவன் நம்மை அடிமை கொண்ட வெள்ளையன். இன்று அவன் விட்டுச் சென்ற எச்சிற் சொல்லை நாம் எறிவதோ, விடியுமுன் எழுந்து கூலிக்குச் செல்லும் நம் தாய்மார்மேல்!

அத்தாய் யாரிடம் எதனை விலையின்றி வாங்கிவிட்டாள்? வழலைக்கட்டி முதல் தீப்பெட்டி வரை அவள் வாங்கும் பொருளிலெல்லாம் வரி இருக்கின்றது. அவ்வரிப் பணத்தில் வாங்கிய வண்டி அது. ஓடும் சாலையும் அப்பணத்திற் போட்டது. மாநிலத் திட்டக்குழு மதுரை, திருப்பூர், நாகை ஆகிய மாவட்டங்களில் ஆய்ந்து, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஏறத்தாழ 888 உருபா மிச்சமாகின்றது என்று கணக்கிட்டது. குளிரூட்டிய மகிழுந்தில் செல்வோர்க்கு அஃதொரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. மாட்டுத்தாவணி மலர்ச்சந்தையில் பூ வாங்கித் தொடுத்து விற்கும் பெண்ணுக்கு அது மகளின் பள்ளிக் குறிப்பேடுகள், மாமியின் மருந்து, கந்துவட்டிக்காரன் வாயில் விழாமல் தப்பும் ஒரு கிழமை.

இனி, கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் பேருந்து ஓடிவிடுமா? மதுரையையே எடுத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்குக் காளவாசலிலோ பழங்காநத்தத்திலோ கோரிப்பாளையத்திலோ நின்று பார்க்க. பெண்கள் கூட்டமாக நிற்பதைக் கண்ட வண்டி, நிறுத்தத்தில் நில்லாது முப்பதடி தள்ளிப் போய் நிற்கும். இளையோர் ஓடி ஏறுவர். மூட்டையோடு நிற்கும் மூதாட்டி பாதித் தொலைவு ஓடுமுன் வண்டி புறப்பட்டுவிடும். அடுத்த வண்டி எப்பொழுது? அதனை அங்கே எவரும் சொல்லார். சொல்லும் பலகையும் பெரும்பாலான நிறுத்தங்களில் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டி வரும்வரை நின்றுகொண்டிருப்பதே அவள் கடன். ஆக, கட்டணம் பணத்தினின்று நேரத்திற்கு மாறிற்றேயன்றி முற்றும் நீங்கிற்றில்லை.

ஓட்டுநரையும் நடத்துநரையும் மட்டும் இதற்குப் பழிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. (நடத்துனர் என்றெழுதுவது பிழை, நடத்துநர் என்பதே சரி. பேருந்திலேயே பலவிடத்துப் பிழையாக எழுதியுள்ளனர்.) தண்டிய பணத்தைக் கொண்டே ஒரு வண்டியின் பயனை அளக்கும் பழக்கம் மேலிருந்து கீழ்வரை ஊறிக் கிடக்கின்றது. அவ்வளவுகோலில் பணம் தாராத ஏழைப்பெண் ஒரு சுமையே. எத்துணைப் பேரை ஏற்றி உரிய இடத்தில் இறக்கினாய் என்று கேட்கும் அளவுகோல் வந்தாலன்றி, ஊழியர் மனம் மாறும் என்று எதிர்பார்ப்பது வீண். மேலும், அவர்தம் குறையும் சிறிதன்று. 2018 சனவரியில் ஊதியத்திற்காக ஒரு கிழமைக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். 2024 சனவரியில் மீண்டும் நிறுத்தினர். அப்பொழுது முன்வைத்த வேண்டுகைகளுள் ஓய்வுபெற்றோர்க்கு ஆண்டுக்கணக்கில் நின்றுபோன அகவிலைப்படியும் ஒன்று. முப்பதாண்டு வண்டியோட்டி முதுகெலும்பு தேய்ந்தவன் தன் பணத்துக்குத் தானே தெருவில் நிற்கும்பொழுது, பயணியிடம் அவன் இன்முகம் காட்டவேண்டும் என்று அறிவுரை கூற நமக்கு நாணமாக இருக்கின்றது.

மதுரைக்கு ஒரு பழம்பெருமை உண்டு. டி.வி.எசு. நிறுவனத்தார் பேருந்து ஓட்டிய காலத்தில், அவ்வண்டி வருவதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக் கொள்ளலாம் என்று முதியோர் இன்றும் சொல்வர். 1972 இல் பேருந்துகள் நாட்டுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. கோவைக்குச் சேரன், குடந்தைக்குச் சோழன், சென்னைக்குப் பல்லவன் என்று பெயர் சூட்டிய போது, தமிழர் உள்ளம் பூரித்ததில் வியப்பில்லை. ஆயினும் மதுரை மக்கள் வாயிற் பாண்டியன் நிலைக்கவில்லை, ‘பி.ஆர்.சி.’ என்னும் ஆங்கில எழுத்துகளே நிலைத்தன! கழகம் தன் பெயரை ஆங்கிலத்திற் சுருக்கி எழுதினால், மக்கள் வாய் வேறென்ன செய்யும்?

பின்னர் வந்தது அதனினும் பெரிய இழிவு. 1997 இல் விருதுநகரில் தொடங்கிய புதிய கழகத்திற்கு, கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்து மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டிற்று. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவன் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் மறுத்தனர். தென்மாவட்டங்கள் பற்றியெரிந்தன, உயிர்கள் போயின. அவ்வாண்டு சூலைத் திங்களில் எல்லாக் கழகங்களின் பெயரும், மாவட்டங்களுக்கு இட்ட தலைவர் பெயரும் துடைக்கப்பட்டன. ஒருவன் பெயரைப் பொறுக்காத சாதிவெறிக்கு அத்தனை பெயரையும் காவு கொடுத்தோம். அன்றிலிருந்து மதுரை வண்டிக்கும் நெல்லை வண்டிக்கும் ஊர்ப்பெயர் ஒன்றே வேறுபாடு.

இதனை ஏன் ஈண்டு நினைவூட்டுகின்றோம்? அன்று ஏறமாட்டேன் என்றவன் வாயில் இருந்ததும், இன்று ‘ஓசி’ என்பவன் வாயில் இருப்பதும் ஒரே நச்சு என்பதனால்தான். யார் யாரோடு ஒட்டி அமர்வது என்னும் கேள்வியைத் தமிழகத்தில் நாள்தோறும் எழுப்பி நாள்தோறும் தீர்த்துவைக்கும் இடம் நகரப் பேருந்து. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவனாலும் பேருந்தில் தனியிருக்கை வைக்க முடிந்ததில்லை. அப்பொதுமையைக் காப்பது நம் இயக்கத்தின் வேலை. அலுவலர்க்கு மட்டும் உரிய வேலை என்று நாம் ஒதுங்கியிருக்கலாகாது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேருந்தில் குறள் எழுதி வைத்த ஆட்சிகளை நாம் பாராட்டியே வந்துள்ளோம். ஆனால் குறளை உள்ளே எழுதிவிட்டு, வழித்தடத்தை வெளியே யாருக்காக எழுதுகின்றனர்? மின்பலகை வந்தபின் ஊர்ப்பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி ஓடுகின்றது. கண்மங்கிய முதியவர் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்குமுன் ஆங்கிலம் வந்துவிடும். தமிழ் திரும்பி வருமுன் வண்டி போய்விடும். தமிழ் நிலையாக நிற்க, ஆங்கிலம் வேண்டுமாயின் அதன்கீழ்ச் சிறிதாக ஓடட்டும். நிறுத்தப் பெயர்களோ இன்னும் கேடு. மாடு விற்ற சந்தை மாட்டுத்தாவணியாக வாழ்கின்றது. சுண்ணாம்பும் செங்கலும் சுட்ட சூளை காளவாசலாக வாழ்கின்றது. ஊரார் வைத்த பெயர் நூறாண்டு நிற்கின்றது. அலுவலர் வைத்தவையோ, கே.கே. நகர், டி.ஆர்.ஓ. காலனி என்று எழுத்தெழுத்தாக உதிர்ந்து கிடக்கின்றன. இவற்றைத் தமிழில் விரித்தெழுத ஒரு காசும் மிகையாகச் செலவாகாது.

மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டி 2021 திசம்பரில் திறந்தனர். கட்டட வேலைக்குக் கிடைக்கும் பணமும் முனைப்பும் கூரையற்ற நிறுத்தங்களுக்குக் கிடைப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் மக்கள் நிற்பது நிறுத்தங்களில்தான். ஒத்தக்கடைக்கும் திருமங்கலத்திற்கும் இடையே நகரத் தொடர்வண்டி வரும் என்றனர். மக்கள்தொகை போதாது என்று கரணியம் காட்டி 2025 நவம்பரில் நடுவணரசு அத்திட்டத்தைத் திருப்பியனுப்பிற்று. கோவைக்கும் அதே விடைதான். தமிழ்நாட்டினின்று வரி கொள்ளும்பொழுது தில்லி தலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை! அது நிற்க. தொடர்வண்டி வந்தாலும் வாராவிடினும், மேலூர்ச் சாலையிலும் அவனியாபுரத்திலும் ஆனையூரிலும் வாழும் உழைப்பாளிக்குப் பேருந்தே கால்.

இழப்பில் ஓடுகின்றது, தனியாரிடம் விடுக என்பார் கூற்றுக்கும் ஒன்று சொல்வோம். சென்னையில் 2025 இல் ஓடத் தொடங்கிய மின்பேருந்துகள் தனியார் ஒப்பந்த முறையில் ஓட்டப்படுகின்றன. சிற்றுந்துத் திட்டமும் அதே ஆண்டு தனியார் கையில் விரிந்துள்ளது. வண்டி வராத சிற்றூர்க்கு ஏதோவொரு வண்டி வருவதை நாம் தடுக்கமாட்டோம். ஆனால், வருவாயுள்ள தடத்தைத் தனியாரும், இழப்புத் தடத்தைக் கழகமும் வைத்துக்கொள்வது என்றாகிவிட்டால், ஒரு நாள் கழகமும் இராது. கட்டணமில்லாப் பயணமும் இராது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகும் செலவை எவரும் இழப்பு என்பதில்லை. பேருந்துக்கு மட்டும் அப்பெயர் ஏன்? மகளிர்க்காகக் கழகங்களுக்குத் தரவேண்டிய ஈட்டுத்தொகையை அரசு முழுமையாகவும் உரிய காலத்திலும் தருக.

மதுரை அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தம் பகுதி நிறுத்தத்தில் ஒரு கிழமை நின்று, எவ்வெண் வண்டி எப்பொழுது வந்தது, நின்றதா, எங்கே நின்றது, எத்துணைப் பேர் ஏறாமல் விடுபட்டனர் என்று குறித்து, மண்டல மேலாளர்க்குத் தமிழில் எழுதுக. படியொன்றை நமக்கும் விடுக்க. காலை முதல் வண்டியும் இரவுக் கடைசி வண்டியும் வரும் நேரத்தைப் பெரிய தமிழெழுத்தில் எழுதிய பலகை ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேண்டும் என்பதே நம் முதற் கோரிக்கை. இரவு ஒன்பதரைக்கு மேல் கடையடைத்து வரும் பெண் பிள்ளைகள் அப்பலகைக்காகவே காத்திருக்கின்றனர்.