பங்களாவுக்கும் பின்வாசல் உண்டு!

ஏற்காடு டூர்னா நம்ம கேங்குக்கு என்னென்ன ஞாபகம் வரும்? இருபது ஹேர்பின் பெண்டு, ஏரியில் பெடல் போட், லேடீஸ் சீட்டில் குரூப் போட்டோ, பகோடா பாயின்ட், வழியில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. சாயங்காலம் ஆனா வண்டியில் பாட்டைப் போட்டுக்கிட்டு சேலம் இறங்கிடுவோம். அவ்வளவுதான் ஏற்காடு!

ஆனா போற வழியெல்லாம் ஒரு விஷயத்தைக் கடந்துதான் போறோம். வரிசையா சில்வர் ஓக் மரங்கள், அதைக் கட்டிப் பிடிச்சு ஏறின மிளகுக் கொடி, நிழல்ல காபிச் செடி... நடுவுல ஒரு பழைய கேட், அதுல ஒரு இங்கிலீஷ் பேர். உள்ளே எங்கேயோ ஓட்டுக் கூரை லேசா எட்டிப் பார்க்கும். 'யாரோ பெரிய கை பங்களா மச்சி'ன்னு சொல்லிட்டு அடுத்த வளைவுக்குப் போயிடுவோம்.

இந்த வாரம் அந்த கேட் முன்னாடி கொஞ்ச நேரம் நிற்போமா?

செத்தவர் கண்டுபிடிச்ச ஊர்!

சேர்வராயன் மலையின் பெரிய வீட்டுக் கதைகள் எல்லாமே ஒரு பேர்லதான் ஆரம்பிக்கும். கிரேஞ்ச்! ஏற்காட்டின் ஆகப் பழைய ஆங்கிலேய எஸ்டேட். 1820-லிருந்து 1829 வரை சேலம் கலெக்டரா இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எம்.டி.காக்பர்ன், இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். ஆப்பிள், பேரி மரங்களையும் இங்கே வளர்த்துப் பார்த்தார். அவர் காபி போட்ட இடம்தான் கிரேஞ்ச். 'ஏற்காட்டின் தந்தை'ன்னு அவருக்குப் பட்டமே உண்டு.

பேரைக் கவனிச்சீங்களா? இங்கிலீஷில் கிரேஞ்ச்னா அரண்மனை இல்லை பாஸ். களஞ்சியமும் கொட்டகையுமா இருக்கிற பண்ணை வீடு. நம்ம ஊர்ல சொன்னா, களத்து வீடு! விளைச்சலை வெச்சு வந்த பங்களான்னு பேரே ஒத்துக்குது.

1857 சிப்பாய்க் கலவர சமயத்தில் இந்த வீட்டைக் கோட்டை மாதிரி ஆக்கி பீரங்கி வெச்சாங்க, நிலவறையில் சாப்பாட்டுச் சாமான் பதுக்கினாங்கன்னு ஊரில் ஒரு கதை சொல்வாங்க. மலை உச்சியில் நாலு பேர் ராஜா மாதிரி வாழ்ந்தாலும், ராத்திரி தூக்கம் வராத பயம் உள்ளே இருந்திருக்கு!

இப்போ ஒரு ஜாலியான மேட்டர். ஏற்காடு பத்தி எங்கே தேடினாலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும். '1842-ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்.' அசைன்மென்ட்ல இதை எழுதினவங்க கை தூக்குங்க!

சென்னையில தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உட்கார்ந்திருக்காரே, அதே மன்றோதான். ஆனா அவர் 1827 ஜூலை 6-ம் தேதி, இன்னிக்கு ஆந்திராவில் இருக்கிற பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்துட்டார். அந்தச் சிலையே 1839-ல வெச்சது. அப்புறம் 1842-ல எப்படி மலை ஏறியிருப்பார்? குதிரையோடவா?

மன்றோவுக்கும் சேலத்துக்கும் நிஜமான சம்பந்தம் வேற. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பக்கம் கம்பெனி கைக்கு வந்தப்போ, கர்னல் ரீடுக்கு உதவியாளரா 1799 வரைக்கும் பாராமகால் சீமையில் நிலம் அளந்து வரி போட்டவர் அவர். அது நடந்த கதை. கண்டுபிடிச்ச கதை, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் காப்பி அடிச்ச கதை!

சரி, கண்டுபிடிக்கிறதுக்கு அது என்ன ஆளில்லாத மலையா? ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடுன்னு தமிழ்ல பேர் வெச்சவங்க யாரு? சேர்வராயன் சாமியைக் கும்பிட்டவங்க யாரு? மலையாளிப் பழங்குடி மக்கள்! கேரளாவோட குழப்பிக்காதீங்க, மலையை ஆள்றவங்க, மலையாளிகள். பேசுறது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததா அவங்க வழிவழியா கதை சொல்வாங்க. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இன்னிக்கும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மே மாசத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்க, மலை யாருடையதுன்னு தெரியும்.

வீட்டைப் படிக்கலாம் வாங்க

ஒரு பழைய பங்களாவைப் பார்க்க ஆர்க்கிடெக்சர் படிச்சிருக்கணும்னு இல்லை. நாலு இடத்தைக் கவனிச்சா போதும்.

முதல்ல, வராந்தா. 'பங்களா'ங்கிற வார்த்தையே வங்காளத்திலிருந்து வந்தது. தாழ்வான கூரை, சுத்தி வராந்தா வெச்ச வங்காள வீட்டை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கிட்டு, போன இடமெல்லாம் கட்டினாங்க. வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தா தோட்டம் தெரியும், சரிவு தெரியும், வேலை செய்றவங்களும் தெரிவாங்க. வெளியே பார்க்கிற வீடு இது.

செட்டிநாட்டு வீட்டை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. கானாடுகாத்தானில் 1912-ல் கட்டின அரண்மனையில் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்குன்னு எல்லாம் உண்டு. ஆனா அந்த ஊர் வீடுகளின் உயிர் எங்கே இருக்கு? நடு முற்றத்தில்! முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவில் நுழைஞ்சு அடுத்த தெருவில் வெளியே வரலாம். அது உள்ளே பார்க்கிற வீடு. கல்யாணம், காரியம்னு குடும்பமே கூடுறதுக்குக் கட்டினது. மலை பங்களா, ஒரு துரை தன் ஆட்களையும் பயிரையும் பார்த்துக்கக் கட்டினது. ரெண்டும் பெரிய வீடுதான். ஆனா நோக்கம் வேற!

ரெண்டாவது, கூரை. மங்களூர் ஓடு பார்த்த உடனே 'ஆஹா, 1820-ல போட்டது'ன்னு கமென்ட் அடிக்காதீங்க. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஃபாக்டரி ஆரம்பிச்சதே 1865-ல்தான். அதனால மங்களூர் ஓடு இருந்தா, கட்டடமே அதுக்கு அப்புறம் வந்திருக்கணும்; இல்லேன்னா பழைய கூரையை மாத்தியிருக்கணும். ஒரு ஓட்டை வெச்சே வயசு சொல்லலாம், பார்த்தீங்களா! நிழல் தர்ற சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளிதான்.

மூணாவது, கணப்பு அடுப்பு. புகைபோக்கி எத்தனைன்னு எண்ணுங்க. சுமாரா 1500 மீட்டர் உயரத்தில் குளிர் நிஜம்தான். ஆனா சுவருக்குள்ள அடுப்பு வெச்சு, மேலே மேடை கட்டி, கண்ணாடி ஜன்னல் போட்டதில் குளிர் மட்டும் காரணமில்லை, வீட்டு ஞாபகமும் உண்டு. ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்த ஊரை இங்கே கட்டிப் பார்த்தாங்க.

நாலாவதுதான் முக்கியம். வீட்டுக்குப் பின்னாடி போங்க. சமையல்கட்டு தனியா நிற்கும். புகையும் தீயும் வாசனையும் துரை வீட்டுக்குள்ள வரக்கூடாது. கூரை போட்ட ஒரு நடை வழியா சாப்பாடு மட்டும் வரும். குளியலறைக்கு வெளிப்பக்கம் ஒரு தனிக் கதவு இருக்கும். எதுக்கு? கழிவை எடுத்துட்டுப் போறவர் வீட்டுக்குள்ள கால் வைக்காமலேயே வந்து போறதுக்கு! நாடு முழுக்க அந்தக் கால பங்களாக்களில் இந்தக் கதவைப் பார்க்கலாம். ஊர்ல இருந்த ஜாதியும் லண்டனிலிருந்து வந்த அதிகாரமும் கை குலுக்கிக்கிட்ட இடம் அந்தக் கதவுதான்.

முன்வாசலில் பேர்ப்பலகை. பின்வாசலில் பேரே இல்லை. கல்லைச் சுமந்தவங்க, சுண்ணாம்பு அரைச்சவங்க, துரையையும் அம்மாவையும் நாற்காலியில் வெச்சு மலை ஏத்தினவங்க, காபி பறிச்சவங்க... இவங்க யாருக்கும் ஒரு பலகையும் கிடையாது.

பேர் காட்டேஜ்... சரக்கு பெரிசு!

ஏற்காட்டில் பெரிய வீட்டைவிடப் பெரிய கதை உள்ள வீடு ஒண்ணு இருந்தது. ஐவி காட்டேஜ். பேர்லயே சின்ன வீடு! குடியிருந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட்.

ஹிஸ்டரி மாணவர்கள் சட்டுனு நிமிர்ந்திருப்பீங்களே! 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த இவர், 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஒரு பள்ளத்திலிருந்து கல் கோடரி ஒண்ணை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனுஷன் இருந்தான்கிறதுக்கு அதுதான் முதல் உறுதியான சாட்சி. அதே வருஷம் சக அதிகாரி வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அங்கே கிடைச்ச கருவிகளின் வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல் ஆய்வாளர்கள் சொன்னப்போ உலகமே திரும்பிப் பார்த்தது.

ரிடையர் ஆன பிறகு ஃபுட் வாழ்ந்தது ஏற்காட்டில். ஆயுசு முழுக்கச் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக அரசாங்கம் வாங்கியது. 1912-ல் கல்கத்தாவில் அவர் இறந்தாலும், நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில்தான். அவர் தயாரிச்ச பட்டியல் நூல் அவர் போன பிறகு 1914-லயும், குறிப்புகள் 1916-லயும் அச்சில் வந்தன.

அவரோட மாமனார் யாருன்னு கேளுங்க... பீட்டர் பெர்சிவல்! யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர், 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தியவர், ஆறாயிரத்துக்கும் மேல தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-ல் புத்தகம் போட்டவர். 1882-ல் அவர் கண் மூடினதும் இதே ஏற்காட்டில்தான். நம்ம பாட்டிகளோட பழமொழியைச் சேர்த்தவரும், நம்ம ஆதி தாத்தாவோட கோடரியைச் சேர்த்தவரும் ஒரே குடும்பம், ஒரே மலை!

இதில் இன்னொரு அழகு. ஃபுட் மாதிரி ஆட்கள் சேர்வராயன் மலையில் தேடின வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை, மலை மக்கள் முன்னாடியே எடுத்து, பிள்ளையார் கோயில்களில் வெச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மியூசியம் வர்றதுக்கு முன்னாடியே அங்கே ஒரு மியூசியம் இருந்திருக்கு!

இடிக்கிறது ஈஸி

நூறு வயசு ஆயிட்டா எந்தக் கட்டடத்தையும் இடிக்க முடியாதுன்னு நிறையப் பேர் நினைக்கிறோம். இல்லை. 1958-ம் வருஷத்து மத்திய சட்டப்படி நூறு வயசு ஆகியிருந்தாலும், பாதுகாக்கப்பட்டதுன்னு அரசு அறிவிச்சாத்தான் பாதுகாப்பு. மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்க ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012-ல் தனியா ஒரு சட்டம் வந்தது. ஆனா தனியார் வீடுன்னா முதல் முடிவு வீட்டுக்காரர் கையில்தான்.

அவங்களை வில்லனாக்கவும் முடியாது. மலை மழைக்கு ஓடு நகரும், உத்தரம் உளுக்கும், சுண்ணாம்புப் பூச்சு தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கமாட்டார். அண்ணன் தம்பி பாகம் வேற. காபி விலை விழுந்த வருஷத்தில் கூரை மாத்தப் பணம் எங்கே? 'இடிச்சுட்டு ரிசார்ட் கட்டலாம்'னு ஒருத்தர் செக்கோட வந்தா மனசு ஆடத்தான் செய்யும். சிலர் அதே வீட்டில் விருந்தினர்களைத் தங்கவெச்சு, அந்த வருமானத்தில் கூரையைக் காப்பாத்துறாங்க. கொஞ்சம் உருப்படியான வழி அது.

இடிஞ்சா என்ன போச்சு? துரையோட பெருமை போனா நமக்குக் கவலையில்லை. ஆனா அந்தப் பின்வாசலும் சேர்ந்துல்ல போகும்! யார் எந்தக் கதவால வந்தாங்கன்னு காட்டுற சாட்சி அது. வீடு போயிட்டா மிஞ்சுறது நெட்டில் சுத்துற அந்த '1842 மன்றோ' வரி மட்டும்தான்.

அதனால அடுத்த ஐ.வி.யோ டூரோ ஏற்காடு போனா, ஒரு சின்ன ஹோம் ஒர்க். சுவர் ஏறிக் குதிக்காதீங்க. தனியார் எஸ்டேட், அனுமதி கேட்டுட்டுப் போங்க. கேட்டில் இருக்கிற பேரைக் குறிச்சுக்கோங்க. கூரையை, புகைபோக்கியை, பின்வாசலைப் போட்டோ எடுங்க. அப்புறம் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிற பெரியவங்க யாராவது ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசுங்க. 'தாத்தா, உங்க அப்பா இங்கே என்ன வேலை செஞ்சார்?' - இந்த ஒரு கேள்வி போதும். அவங்க சம்மதிச்சா, பேரோடவே எழுதி உங்க காலேஜ் லைப்ரரியில் ஒரு காப்பி கொடுங்க.

காக்பர்ன் பேர் எப்படியும் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தாத்தாவோட அப்பா பேர், நீங்க எழுதினாத்தான் இருக்கும்!