குலுக்கல் ஆளுக்கு இருக்கட்டும், விதிக்கு வேண்டாம்

அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. வலது பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. முள் குத்தினாலும் தெரியாது. எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பான உத்தரவு. 2018இல் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை அமெரிக்கா அழைத்துப் போயிருந்தேன். அங்கே உள்நாட்டு விமானத்தில் ஒரு ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. போகும்போது, பாதுகாப்புச் சோதனை வரிசையின் ஓரமாக ஒரு மோப்ப நாய் நடந்து போனது. செருப்பைக் கழற்றப் போன அம்மாவைத் தடுத்து, போட்டுக்கொண்டே வரும்படி கையசைத்தார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பும்போது வேறொரு நிலையம். அம்மா அதே தெம்பில் செருப்போடு நடந்தார். அங்கிருந்த அலுவலர் குரலை உயர்த்தினார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கத்துகிறார் என்பது மட்டும் தெரிந்தது. மிரண்டுபோய் இரண்டடி பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கலே சந்தேகத்துக்குப் போதுமானதாகிவிட்டது. தனியே நிறுத்தி உடலைத் தடவிச் சோதித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை வெறுங்காலோடு தரையில் நின்றார். "போன தடவ போட்டுக்கிட்டே வரச் சொன்னாங்களேப்பா" என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "விதி இடத்துக்கு இடம் மாறுவது குழப்பம் இல்லை, அது உத்தி. எப்போது என்ன கேட்பார்கள் என்று தெரிந்துவிட்டால் தீவிரவாதி தயாராகிவிடுவான். பாதுகாப்புக்காக இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்." படித்தவர்கள் சொல்கிறார்கள். அடிக்கடி விமானத்தில் பறப்பவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும், முன்கூட்டியே ஊகிக்க முடியாதபடி சோதிப்பது தன் வழிமுறைகளில் ஒன்று என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், கதை தொடங்கிய இடம். 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்ற பிரிட்டிஷ்காரர் தன் ஷூவுக்குள் மறைத்திருந்த வெடிபொருளுக்குத் தீக்குச்சியால் நெருப்பு வைக்கப் பார்த்தார். திரி பற்றவில்லை. குச்சி எரிந்த வாடையை விமானப் பணிப்பெண் கவனித்தார். பணியாளர்களும் பயணிகளும் சேர்ந்து ரீட்டை அமுக்கிக் கட்டிப்போட்டார்கள். விமானம் பாஸ்டனில் இறங்கியது. 2003 ஜனவரியில் ரீட்டுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அமெரிக்காவில் எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது மறுநாளே வந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டாயமானது 2006 ஆகஸ்ட் 10 அன்று, நான்கரை ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருள் கொண்டுபோகும் சதியை லண்டனில் முறியடித்த நாள் அது. அந்தச் சதியில் காலணிக்குப் பங்கே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்ததுதான் உண்மையான கூத்து. கழற்றுவது கட்டாயம் இல்லை, ஆனால் கழற்றாவிட்டால் தனிச் சோதனைக்கு அனுப்பினாலும் அனுப்புவோம் என்ற நிலை. ஒரு ஊரில் கேட்பார்கள், இன்னொரு ஊரில் கேட்க மாட்டார்கள். பயணிகளின் கோபம் அப்போதே தொடங்கிவிட்டது.

இனி அவர்கள் சொல்வதும் என் மறுப்பும்.

ஒன்று: "காலணியைக் கழற்ற வைத்ததால்தான் ரீட்டுக்குப் பிறகு இன்னொரு ஷூ குண்டு வெடிக்கவில்லை."

கழற்றச் சொல்லாத நாடுகளிலும் வெடிக்கவில்லையே. நம் சென்னை, திருச்சி, மதுரை நிலையங்களில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் ஒவ்வொருவரையும் கைக்கருவியால் தடவிப் பார்க்கிறார்கள். காலணி பெரும்பாலும் காலிலேயே இருக்கிறது. விமானப் பாதுகாப்பில் உலகிலேயே கண்டிப்பானது என்று பெயர்பெற்ற இஸ்ரேலின் பென் குரியன் நிலையத்திலும் எல்லோரையும் காலணி கழற்றச் சொல்லும் வழக்கம் கிடையாது. அமெரிக்காவிலேயே 2011 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், 2012 முதல் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் விலக்கு தந்தார்கள். பின்னணி விசாரணைக்கு உட்பட்டு 85 டாலர் கட்டியவர்கள் ஐந்தாண்டுகளுக்குக் காலணியோடு நடந்தார்கள். இத்தனை கோடிக் கால்கள் காலணியோடு கடந்த பிறகும் வானம் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு விதி இருந்த காலத்தில் கெடுதல் நடக்கவில்லை என்பதால் மட்டும் அந்த விதிதான் கெடுதலைத் தடுத்தது என்று ஆகிவிடாது.

விசாரித்து அறிந்தவரை இலகுவாக விடுவது சரிதானே என்று கேட்கலாம். மிகச் சரி. ஆபத்தின் அளவுக்கேற்பச் சோதிப்பது நல்ல கொள்கை. நான் மறுப்பது அதை அல்ல.

இரண்டு: "ஊகிக்க முடியாமல் இருந்தால்தான் தீவிரவாதி அஞ்சுவான்."

முக்கியமான வாதம் இதுதான். இதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. யாரைக் கூடுதலாகச் சோதிப்பது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் வைப்பது ஒன்று. என்ன விதி என்பதையே சொல்லாமல் வைப்பது வேறொன்று. முதலாவது உத்தி. இரண்டாவது வெறும் ஒழுங்கின்மை.

குலுக்கல் என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சீட்டுக் குலுக்கலில் எத்தனை சீட்டு, எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும், யார் பெயர் வரும் என்பதுதான் தெரியாது. அதனால்தான் அதை நம்புகிறோம். மெட்டல் டிடெக்டர் வாசல்களிலேயே இதற்கு வசதி இருக்கிறது. உலோகமே இல்லாவிட்டாலும் நூறு பேரில் இத்தனை பேருக்கு ஒலி எழுப்பும்படி அமைத்துவிடலாம். அடுத்த ஒலி யாருக்கு என்பது அலுவலருக்கும் தெரியாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே சில ஆண்டுகள் டேப்லெட் ஒன்றை வைத்து, அதில் தோன்றும் அம்புக்குறி காட்டும் பக்கம் பயணியை அனுப்பியது. மனிதன் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தால் அது குலுக்கலாக இருக்காது என்பதை அந்த நிர்வாகமே ஒப்புக்கொண்ட செயல் அது.

மனிதன் தேர்ந்தால் அவனுடைய களைப்பும் அவசரமும் முன்முடிவும் சேர்ந்தே தேர்கின்றன. தலைப்பாகையும் தாடியும் முக்காடும் கண்ணில் முதலில் படும். இதற்கு "ஊகிக்க முடியாத சோதனை" என்று பெயர் வைக்கலாம். யாரை நிறுத்துவார்கள் என்பதை அந்த வரிசையில் நிற்பவர்களே ஊகித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. கெட்ட எண்ணத்தோடு வருபவன் முன்கூட்டியே பலமுறை வெறுங்கையோடு பறந்து பார்க்க முடியும். எந்த நிலையம் தளர்வு, எந்த வரிசை இலகு என்று கணக்கெடுத்துக்கொண்டு அங்கே போவான். விதி இடத்துக்கு இடம் மாறினால் அவனுக்குக் கிடைப்பது தேர்ந்தெடுக்கும் வசதி. அபூர்வமாகப் பறக்கும் என் அம்மாவுக்குக் கிடைப்பது அதட்டல்.

மூன்று: "கழற்றி எக்ஸ்ரேயில் போட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்."

ரீட் பயன்படுத்தியது பி.இ.டி.என். என்ற வெடிபொருள். அதில் உலோகம் இல்லை, அதனால் மெட்டல் டிடெக்டரால் பயனில்லை. எக்ஸ்ரே காட்டுவது பெரும்பாலும் பொருளின் அடர்த்தியையும் வடிவத்தையும்தான். இது ரப்பர், இது வெடிபொருள் என்று அது பெயர் எழுதிக் காட்டாது. கட்டாய விதி வந்த அதே 2006 ஆகஸ்டில் ஒரு செய்தி வெளியானது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்காக முந்தைய ஆண்டு நடந்த ஆய்வு ஒன்று, காலணியை எக்ஸ்ரேயில் போட்டால் வெடிபொருளைக் கண்டறியத் தேவையான தகவல் கிடைக்காது என்று சொல்லியிருந்தது. அடிப்பாகத்தைத் தோண்டி மாற்றியிருந்தால் அதாவது படத்தில் தெரியுமே என்று நிர்வாகம் பதில் சொன்னது. அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் "தெரிந்துவிடும்" என்று மக்கள் நம்புவதற்கும் "தெரிய வாய்ப்புண்டு" என்று நிர்வாகம் சொல்வதற்கும் நடுவே பெரிய இடைவெளி.

பெரும்பாலோர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த 2015இல், ஆய்வாளர்கள் பயணிபோல் வேடமிட்டு அமெரிக்க நிலையங்களில் போலி வெடிபொருள்களையும் ஆயுதங்களையும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை. செய்தி வெளியானதும் நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவரை மாற்றினார்கள். இந்தச் சோதனைகள் காலணியை மட்டும் பற்றியவை அல்ல. ஆனால் அலுவலர்களின் கவனம் எங்கே செலவானது என்ற கேள்வியை இவை எழுப்புகின்றன. ஒரு நாளைக்கு 20 லட்சம் பேருக்கு மேல் கடக்கும் வாசல்களில் "கழற்றுங்கள்", "வேண்டாம்", "அந்த வரிசையில்தான் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பதிலேயே ஓர் அலுவலரின் கண்ணும் தொண்டையும் தேய்ந்துபோகும்.

ரீட்டை முதலில் சந்தேகித்தது எந்த இயந்திரமும் அல்ல. சம்பவத்துக்கு முந்தைய நாள் பாரிஸில் அவரைக் கவனித்த மனிதர்கள் சந்தேகப்பட்டு விசாரித்ததால் அன்றைய விமானத்தை அவர் தவறவிட்டார். மறுநாள் ஏற விட்டது அமைப்பின் தோல்வி. அன்றும் காப்பாற்றியது வாடையைக் கவனித்த ஒரு பெண்ணின் மூக்கு. பாதுகாப்பில் மிக அரிய பொருள் கவனம்தான். தெளிவில்லாத விதி அதைத்தான் விழுங்குகிறது. குழம்பிய பயணி தடுமாறுவார், திரும்பிப் பார்ப்பார், பதறுவார். கெட்டவனிடம் அலுவலர் தேடும் அடையாளங்களும் இவைதான். ஊரையே பதற வைத்துவிட்டு, பதறுகிறவனைத் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

நான்கு: "இரண்டு நிமிடச் சிரமம், அதற்கு இத்தனை பேச்சா?"

உடல் திடமாக உள்ளவருக்கு இரண்டு நிமிடம். சர்க்கரையால் பாத உணர்ச்சி இழந்தவருக்கு வெறுங்காலால் நடப்பது புண்ணுக்கு வழி. அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க நேர்ந்த குடும்பங்கள் நம் தெருவுக்குத் தெரு உண்டு. செயற்கைக் கால் பொருத்தியவருக்கும், காலிப்பர் போட்டவருக்கும், குனிய முடியாத முதியவருக்கும் இது வெறும் சிரமம் அல்ல.

உடல்நலக் காரணம் உள்ளவர்கள் கழற்ற வேண்டாம், காலணியை வேறு முறையில் சோதிப்பார்கள் என்ற சலுகை அப்போதே இருந்தது. துணியால் துடைத்து வெடிபொருள் துகள் ஒட்டியிருக்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். வெடிபொருளை நேரடியாகத் தேடும் முறை அதுதான். எங்களுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. எங்கும் எழுதி வைத்ததாகக் கண்ணில் படவில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை, பேரப்பிள்ளையைப் பார்க்க முதல்முறை கடல் கடந்து போகும் நம் அம்மா அப்பாக்களுக்கு இல்லாத உரிமைதான்.

ஐந்து: "எல்லா இடத்திலும் ஒரே கருவி இல்லையே, விதி மாறத்தானே செய்யும்?"

மாறட்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு பொதுத் தரத்தை வகுக்கிறது, அதை எப்படி நிறைவேற்றுவது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்கிறது. எனவே நாட்டுக்கு நாடு வேறுபடுவதில் தவறில்லை. ஒரே நாட்டுக்குள்ளும் நியாயமான காரணம் இருக்கலாம். அம்மாவின் முதல் நிலையத்தில் வெடிபொருளை மோப்பம் பிடிக்கும் நாய் வரிசையைச் சோதித்திருந்தது, அதனால் கழற்றத் தேவையில்லை. இரண்டாவதில் நாய் இல்லை. பிற்பாடு இதைத் தெரிந்துகொண்டபோது என் கோபம் பாதி தணிந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. "நாய் சோதனை செய்யும் வரிசை: காலணியைக் கழற்ற வேண்டாம்" என்று ஒரு பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு காலணிப் படமும் போட்டிருந்தால் எந்தத் தீவிரவாதிக்கு என்ன லாபம்? நாய் நடந்து போனதை அவனும்தான் பார்த்தான்.

ஆறு: "இப்போதுதான் விதியையே எடுத்துவிட்டார்களே, பிரச்சினை முடிந்ததே!"

2025 ஜூலை 8 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் கிறிஸ்டி நோம் காலணி கழற்றும் விதி முடிவுக்கு வந்ததாக அறிவித்தார். ஏறத்தாழ 19 ஆண்டுகள் நீடித்த விதி. வரவேற்கிறேன். ஆனால் அது போன விதத்தையும் பாருங்கள். அறிவிப்புக்குச் சில நாள் முன்பே சில நிலையங்களில் சத்தமில்லாமல் நடைமுறை மாறியிருந்தது. ஓர் ஊரில் கழற்ற வேண்டாம் என்றார்கள், அடுத்த ஊரில் ட்ரேயை நீட்டினார்கள். தொடங்கியபோது இருந்த அதே குழப்பம் முடிந்தபோதும் இருந்தது. காலணி போய் நாளை வேறொரு பொருள் வரும். இடுப்புப் பட்டையோ, மடிக்கணினியோ, குழந்தையின் பால் புட்டியோ வரிசைக்கு வரிசை வேறு விதிக்கு உள்ளாகும். அன்றும் "உத்தி" என்ற சொல் தயாராக இருக்கும்.

நான் கேட்பது மூன்றே. வரிசையின் தலைப்பிலேயே அந்த வரிசைக்கான விதி, படத்தோடு, கழற்றும் முன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கூடுதல் சோதனைக்கு ஆளைத் தேர்வதைக் கருவியின் குலுக்கலுக்கோ, சொல்லக்கூடிய ஒரு காரணத்துக்கோ விட வேண்டும். உடல்நல விலக்கு இருப்பதைப் பயணி கேட்பதற்கு முன் அலுவலர் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் எதனாலும் பாதுகாப்பு இம்மியும் குறையாது. அலுவலரின் கவனம் மிச்சமாகும்.

விதி நீங்கிய செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அடுத்த தடவ கழட்ட வேணாமாப்பா?" என்றார். ஒலி எழும்பினால் கேட்கலாம், கூடுதல் சோதனைக்கு நிறுத்தினால் கேட்கலாம். அதனால், "பெரும்பாலும் வேணாம்மா" என்றேன்.

"ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லு" என்றார். அந்த ஒன்றைத்தான் நானும் கேட்கிறேன்.