13 நிமிடம், ஆறரை ஆண்டு

2014 செப்டம்பர் 8. வலென்சியா நகரில் ஸ்பெயினுக்கும் மாசிடோனியாவுக்கும் யூரோ கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். ஸ்பெயினின் வெற்றி எப்போதோ உறுதியாகிவிட்டது. 77-ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் விசென்டே டெல் பொஸ்கே, நடுக்கள வீரர் கோக்கேயை வெளியே அழைத்துக்கொண்டு ஓர் இளைஞரை உள்ளே அனுப்பினார். பெயர் முனிர் எல் ஹத்தாதி. 19 வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஸ்பெயின் 5-1 என்று வென்றது. முனிர் கோல் எதுவும் அடிக்கவில்லை. ஸ்பெயினின் முதன்மை அணிக்காக அவர் தன் வாழ்நாளில் ஆடிய மொத்த நேரமே அந்த 13 நிமிடங்கள்தான்.

அந்த நேரத்துக்கு அவர் கொடுத்த விலை, ஆறரை ஆண்டுக் காலம் எந்த நாட்டின் முதன்மை அணிக்காகவும் ஆட முடியாத நிலை.

முனிரின் தந்தை மொராக்கோவின் வடமுனையில் உள்ள ஃப்னிதெக் ஊரைச் சேர்ந்தவர். பதினெட்டு வயதில் மீன்பிடிப் படகில் ஸ்பெயினுக்கு வந்து சமையல்காரராக வேலை பார்த்தவர். தாய், ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினின் ஆளுகைக்குள் இருக்கும் மெலியா நகரத்துக்காரர். இவர்களுடைய மகன் 1995-இல் மட்ரிட் வட்டாரத்தில் பிறந்தார். இரண்டு நாடுகளில் எது உன்னுடையது என்று கேட்டால், இரண்டும்தான் என்பதைத் தவிர இப்படியொரு பிள்ளையால் நேர்மையான பதில் எதையும் சொல்ல முடியாது. அந்தப் பதில் கால்பந்துச் சட்டத்துக்குத்தான் பிடிபடவில்லை.

ஆட்டக்காரர் என்ற அளவில் முனிரின் தொடக்கம் யாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 2013-14 பருவத்தில் நடந்த முதல் யுஇஎஃப்ஏ இளையோர் லீக்கை பார்சலோனா வென்றபோது, 11 கோல்களுடன் தொடரிலேயே முதலிடம் அவருக்கு. பென்ஃபிகாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த இரண்டு கோல்களில் ஒன்று மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து போனது. கோல்கீப்பர் முன்னே வந்து நிற்பதைக் கண்டதும் பந்தை அப்படியே தூக்கி அடித்தார். 2014 ஆகஸ்ட் 24-இல் பார்சலோனாவின் முதன்மை அணிக்காக லா லிகாவில் எல்ச்சேக்கு எதிராக இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அடுத்த பதினைந்தாம் நாள் வலென்சியா.

அந்த அழைப்பு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். டெல் பொஸ்கேயின் முதல் தேர்வில் முனிர் இல்லை. தியேகோ கோஸ்டா காயமடைந்து விலகியதால்தான் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து அவரை அவசரமாக அழைத்தார்கள். பிரேசிலில் பிறந்த கோஸ்டா 2013 மார்ச்சில் பிரேசிலின் முதன்மை அணிக்காகவே இரண்டு முறை ஆடியவர். ஒன்று இத்தாலிக்கு எதிராக, மற்றொன்று ரஷ்யாவுக்கு எதிராக. பிறகு மனம் மாறி ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தார். பிரேசிலில் கடும் கோபம் எழுந்தது. ஆனாலும் ஃபிஃபா அனுமதித்தது. காரணம், அவர் ஆடிய இரண்டும் நட்பு ஆட்டங்கள். முனிர் ஆடியது தகுதிச்சுற்று. இருவருக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவுதான்.

முதன்மை அணிக்காக அதிகாரபூர்வப் போட்டியில் ஆடியவர் நாடு மாற முடியாது என்ற இந்த விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு காலத்தில் வீரர்கள் நாடு மாறுவது மிக எளிதாக இருந்தது. லூயிஸ் மோன்டி 1930 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கும், 1934 இறுதியில் இத்தாலிக்கும் ஆடினார். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினா, கொலம்பியா, ஸ்பெயின் என்று மூன்று நாட்டுச் சீருடை அணிந்தார். ஹங்கேரியின் பெருவீரர் புஷ்காஷ் 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்காக நின்றார். பணமும் செல்வாக்கும் உள்ள சங்கங்கள் ஆள்பிடிக்கும் சந்தையாக உலகக் கோப்பை மாறிவிடும் என்ற அச்சத்தில் 1960-களில் ஃபிஃபா கதவைச் சாத்தியது. அந்த அச்சம் நியாயமானது. பிறகு 2004-லும் 2009-லும் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இளையோர் அணிகளில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் பின்னர் வேறு நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. ஆனால், முதன்மை அணிக்காக அதிகாரபூர்வப் போட்டியில் ஒரு நிமிடம் ஆடிவிட்டாலும் அந்த உரிமை போய்விடும் என்ற பகுதி மட்டும் அப்படியே நின்றது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த ஒரு நிமிடத்தைத் தீர்மானிப்பவர் வீரர் அல்லர், பயிற்சியாளர். ஓரத்தில் சூடேற்றிக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுக்காரர், பயிற்சியாளர் கூப்பிடும்போது ‘கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லவா முடியும்? டெல் பொஸ்கேயின் மனதில் என்ன இருந்தது என்று ஆராய்வது வீண். இரண்டு குடியுரிமைக்கு வழியுள்ள ஓர் இளைஞரை, முடிந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பொழுதில் சிறிது நேரம் ஓடவிட்டுக் காலமெல்லாம் கட்டிப்போடும் அதிகாரத்தை அந்த விதி எல்லாச் சங்கங்களுக்கும் கொடுத்திருந்தது. கட்டிப்போட்டவருக்கு மறுபடி வாய்ப்புத் தர வேண்டும் என்ற கடமையை மட்டும் அது யார் மீதும் சுமத்தவில்லை.

ஸ்பெயின் அவரை மறந்தது. பார்சலோனாவில் மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மார் மூவரும் முன்வரிசையை நிரப்பியிருந்த காலம் அது. முனிர் வலென்சியாவுக்கும் அலாவெஸுக்கும் கடனாக அனுப்பப்பட்டார். 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ இருபது ஆண்டுக்குப் பிறகு தகுதி பெற்றபோது, அந்த அணியில் சேர விரும்பினார். மொராக்கோ சங்கமும் அவருக்காக நின்றது. ஃபிஃபா மறுத்தது. லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2018 மே மாதத்தில், உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் இருக்கையில், மேல்முறையீடு தள்ளுபடியானது. விதியின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பில் பிழை சொல்ல இடமில்லை. பிழை விதியிலேயே இருந்தது.

ஜூன் 25 அன்று கலினின்கிராட் மைதானத்தில் ஸ்பெயினும் மொராக்கோவும் மோதின. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஸ்பெயினின் முன்வரிசையில் தியேகோ கோஸ்டா ஆடினார். இரண்டு நாட்டுக்கும் உரிமையுள்ள முனிருக்கு இரண்டு பக்கத்திலும் இடமில்லை.

2020 செப்டம்பர் 18-இல், கொரோனா காரணமாக இணையவழியில் கூடிய ஃபிஃபா மாநாடு விதியைத் திருத்தியது. 21 வயதுக்கு முன் முதன்மை அணிக்காக மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், கடைசியாக ஆடி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால், உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ பங்கேற்காதவராக இருந்தால், நாடு மாறலாம். முனிருக்காகவே எழுதியதுபோல் தோன்றிய விதி. ஆனாலும் அவருக்கு உடனே வழி பிறக்கவில்லை. 21 வயது நிறைந்த பிறகும் ஸ்பெயினின் இளையோர் அணியில் ஆடியிருக்கிறார் என்ற காரணம் குறுக்கே வந்தது. மீண்டும் மனு, மீண்டும் வழக்கு. 2021 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச் 26 அன்று மௌரிடானியாவுக்கு எதிராக மொராக்கோவுக்காக இறங்கினார். நான்கு நாள் கழித்து புருண்டிக்கு எதிரான ஆட்டத்தில் கோல் அடித்தார். அந்த ஒரு கோலில் மொராக்கோ வென்றது. அடுத்த ஆண்டு கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையிலும் ஆடினார்.

2022 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. வயது 27, உச்சத்தைத் தொட வேண்டிய ஆண்டுகளை நீதிமன்றப் படிகளில் கழித்துவிட்டு வந்தவருக்கு, அதற்குள் வளர்ந்துவிட்ட போட்டியைத் தாண்ட முடியவில்லை. கத்தாரில் அந்த மொராக்கோ அணி அரையிறுதி வரை சென்றது. அதைச் சாதித்த முதல் ஆப்பிரிக்க நாடு அது. 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஸியெக் நெதர்லாந்தில், கோல்கீப்பர் பூனூ கனடாவில், பயிற்சியாளர் வாலித் ரெக்ராகியேகூட பிரான்சில். மட்ரிட்டில் பிறந்து ரியல் மட்ரிட் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த அஷ்ரஃப் ஹகிமி, காலிறுதிக்கு முந்தைய சுற்றில் ஸ்பெயினுக்கு எதிரான கடைசி பெனால்டியை அலட்டிக்கொள்ளாமல் கோல்நடுவில் மெல்லத் தட்டிவிட்டு, தான் பிறந்த நாட்டைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்.

பிறந்து வளர்ந்த நாடு செலவழித்துப் பயிற்சி கொடுக்க, பலனை இன்னொரு நாடு அறுவடை செய்வதா என்று ஐரோப்பாவில் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்தச் செலவில் பெரும்பங்கு கிளப்புகளுடையது. அவை அதை ஆட்டத்திலும் விற்பனையிலும் திரும்ப எடுத்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சமையற்கூடத்திலும் கட்டுமானத்திலும் உழைத்து அதே நாட்டுக்கு வரி கட்டியவர்கள். சோறு போட்டோம் என்பதற்காகப் பிள்ளையின் வாழ்நாளை எழுதி வாங்கிக்கொள்ள எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் மறைக்கக் கூடாது. எக்குவடோரியல் கினியாவின் எமிலியோ என்சுவே, 2024-இன் தொடக்கத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐந்து கோல்களுடன் முதலிடம் பிடித்தவர். ஸ்பெயின் இளையோர் அணிகளில் ஆடிவிட்டு, 2013 முதல் தன் தந்தையின் நாட்டுக்காக ஆடிவந்தார். ஆனால் அந்த மாற்றத்துக்கு முறைப்படி தகுதி பெறவே இல்லை என்று பத்தாண்டு கழித்து ஃபிஃபா கண்டறிந்து அவருக்குத் தடை விதித்தது. மலேசியாவில் நடந்தது இதைவிட மோசம். வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களின் தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகப் போலி ஆவணம் காட்டப்பட்டது என்று ஃபிஃபா 2025 செப்டம்பரில் தண்டனை அறிவித்தது. வம்சாவளியைக் காகிதத்தில் தயாரிப்பதும், இரண்டு வீட்டு மொழி பேசி வளர்ந்தவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் வேறு வேறு. முதலாவதைத் தடுக்க ஆவணச் சோதனையைக் கடுமையாக்க வேண்டும். அதைச் சாக்காக வைத்து இரண்டாமவரைத் தண்டிக்கக் கூடாது.

இந்தியா இந்த விவாதத்தில் தனித்து நிற்கிறது. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் மட்டுமே தேசிய அணியில் இடம்பெறலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, 2019-இல் அந்நாட்டுக்காக ஒரு நட்பு ஆட்டம் ஆடி, பின்பு பெங்களூரு கிளப்புக்கு வந்த ரையன் வில்லியம்ஸ், தாய்வழி மும்பை வேர்களைக் கொண்டவர். இந்திய அணியில் சேர்வதற்காக 2025-இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையையே துறந்தார். அப்படித் துறக்க எல்லோராலும் முடியாது. அயலக இந்தியர்களின் பிள்ளைகளில் திறமைசாலிகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் கதவைச் சாத்திவைத்திருப்பது சரிதானா என்று டெல்லி திறந்த மனதோடு பேசியே ஆக வேண்டும்.

முனிரின் போராட்டத்தால் அடுத்து வந்தவர்களுக்கு நிலைமை மேம்பட்டிருக்கிறது. லாமின் யமாலின் தந்தையும் மொராக்கோக்காரர். அவரும் பார்சலோனா வீரர். 2023 செப்டம்பர் 8 அன்று, 16 வயதில், ஜார்ஜியாவுக்கு எதிரான யூரோ தகுதிச்சுற்றில் ஸ்பெயினுக்காக முதன்முறை இறங்கினார். பழைய விதி என்றால் அந்த மாலையே அவர் வாழ்க்கை முடிவாகியிருக்கும். புதிய விதியில் அந்த ஓர் ஆட்டம் மட்டுமே அவரைக் கட்டவில்லை. அவர் ஸ்பெயினையே விரும்பித் தேர்ந்தெடுத்தார், 2024-இல் யூரோ கோப்பையையும் வென்றார்.

ஆனால் திருத்தம் பாதியில் நிற்கிறது. உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ ஒரு முறை களமிறக்கப்பட்டால் இன்றும் வாழ்நாள் பிணைப்புத்தான். பதினேழு வயதுப் பையனைக் குழு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இறக்கிவிட்டு, பிறகு பத்தாண்டு திரும்பிப் பார்க்காமல் விட ஒரு சங்கத்தால் இப்போதும் முடியும். 21 வயதுக்குக் கீழ் ஆடும் எந்த ஆட்டமும், அது எந்தக் கோப்பையானாலும், ஆளைக் கட்டக் கூடாது. குறித்த காலம் அழைக்காத சங்கம் தன் உரிமையை இழக்க வேண்டும். இந்த இரண்டையும் அடுத்த ஃபிஃபா மாநாடு விதியில் சேர்க்க வேண்டும். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் மாநாட்டில் அவர்கள் கையில்தான் ஏறக்குறைய பாதி வாக்குகள் இருக்கின்றன.