சாவி வாங்கும்போதே சுவரைப் பாருங்க!

சென்னையில் வாடகைக்கு வீடு பிடிப்பது பெரும்பாடு. காலி செய்யும்போது அட்வான்சைத் திரும்ப வாங்குவது அதைவிடப் பெரும்பாடு!

திருவல்லிக்கேணி சந்து முதல் வேளச்சேரி அடுக்குமாடி வரை மாசக் கடைசியில் கேட்கும் சண்டை ஒன்றுதான். "சுவரெல்லாம் ஆணி ஓட்டை. பாத்ரூம் கதவு உப்பிப் போச்சு. 25 ஆயிரம் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவேன்" என்கிறார் வீட்டுக்காரர். "நாங்க வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்கிறார் குடியிருந்தவர்.

எது உண்மை? சுவருக்கு வாய் இல்லை. பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் எடுபடுகிறது.

அந்தப் பணம் சும்மா வந்ததா? பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது இந்த ஊர் வழக்கம். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அது வந்தால்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ்!

சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கி போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும். சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு.

வாடகைக்கு விட்ட நாளில் வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், சாதாரணத் தேய்மானம் போக என்பதே சட்டம். சரி, அன்றைக்கு எப்படி இருந்தது? இதை யாரும் எழுதி வைப்பதில்லை. வம்பு அங்கேதான் பிறக்கிறது.

வழி சுலபம். சாமான் இறக்கும் முன் ஒரு மணி நேரம் போதும். அறை அறையாகப் பாருங்க. எங்கே ஓதம், எங்கே விரிசல், எத்தனை ஃபேன், எந்தக் குழாய் ஒழுகுது, எந்தத் தாழ்ப்பாள் விழாது, மீட்டரில் எத்தனை யூனிட்... எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதுங்க. தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி. செல்போனில் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் படமும் தேதியும் பேசும்.

"வந்த அன்னைக்கே பேப்பரை நீட்டினா தப்பா நினைப்பாரே" என்று தயங்குகிறார்கள். இது வீட்டுக்காரருக்கும் லாபம்தான். வாஷ்பேசினை உடைத்தவர் "முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு" என்று கை கழுவ முடியாதே!

வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது இந்தப் பட்டியலையும் சேர்த்தே தரவேண்டும் என்று அரசு கட்டாயமாக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். பால் காய்ச்சுவதற்கு முன்னே பட்டியல் போடுங்க. வரும்போது தாட்சண்யம் பார்த்தால், போகும்போது அட்வான்ஸ் போச்சு!