மரபணுவிடம் அனுமதி கேட்பதா?

காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்து என்னிடம் படித்துப்போன மாணவன் ஒருவன் அண்மையில் கேட்டான்: "ஐயா, ஆணை ஆண் விரும்புவதற்கு மரபணுதான் காரணம் என்று அறிவியல் நிரூபித்துவிட்டால் எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள் அல்லவா?" இந்த நம்பிக்கையை அவனுக்குள் விதைத்தவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

'இயற்கைக்கு மாறானது' என்போருக்கு விடை சொல்வது எளிது. பழவேற்காட்டு ஏரியில் வலைபடும் கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகிறது. (பால் மாறுவது வேறு, பாலீர்ப்பு வேறு. மீனைக் காட்டி மனிதனுக்கு நியாயம் கேட்கவும் மாட்டேன். இயற்கையைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் ஏரியையாவது பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.)

'பிறவியிலேயே அப்படி, பாவம், என்ன செய்வது' என்னும் பரிவுதான் சிக்கலானது. 1991இல் சைமன் லிவே 41 பேரின் மூளைகளை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸின் சிறு பகுதி ஒன்றில் வேறுபாடு கண்டதாக எழுதினார். 1993இல் டீன் ஹேமர் எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனையைச் சுட்டினார். பின்வந்த ஆய்வுகளில் சில அதை உறுதி செய்யவில்லை. 2019இல் ஏறத்தாழ 4.7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை அலசிய பெரும் ஆய்வு, தனியொரு மரபணு என ஏதுமில்லை, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன, அவற்றைக் கொண்டு ஒருவரது நாட்டத்தை முன்னறிய இயலாது என்றது. ஆராயப்பட்டவர்களோ ஐரோப்பிய வழியினர். உயிரியலுக்குப் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மாணவன் காத்திருக்கும் சான்றிதழை அது தரப்போவதில்லை.

தந்தால்தான் என்ன? முதல் உலகப்போர்க் காலத்து வியன்னாவில் ஸ்டைனாக்கும் காரணம் உடலில் இருப்பதாகவே நம்பினார். அந்த நம்பிக்கையின் பேரில், தன்பாலீர்ப்புடைய ஆண்களுக்குப் பிறருடைய விரையைப் பொருத்திக் 'குணப்படுத்த' முயன்றார்கள். காரணம் கண்டவன் அடுத்துத் தேடுவது மருந்தைத்தான்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அதற்குமுன் தமக்கு இதில் தெளிவில்லை என ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். மரபணு அறிக்கைக்காகத் தீர்ப்பைத் தள்ளிவைக்கவில்லை. ஆண், பெண் என்னும் வரையறைக்குள் அடங்காதாரைக் குறிக்கும் பெயர்களுக்கு வினைமுடிபு வகுத்த தொல்காப்பியரும், அவர்கள் ஏன் அவ்வாறாயினர் என்று கேட்டாரில்லை.

மாணவனுக்கு அத்தீர்ப்பின் படியை அனுப்பியிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரை எதையும் அனுப்பவில்லை.