எதிர்காலத்தைச் சொல்லி இன்றைக்கே தலையில் கட்டுகிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் அந்தமானில் ஸ்கூபா டைவிங் முதல் நிலைப் பயிற்சி முடித்து வந்திருக்கிறான். ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் வந்த கையோடு ஒரு கடையில் இரண்டே கால் லட்சத்துக்குப் பட்டியல் போட்டு வாங்கி வந்துவிட்டான். "எதிர்காலத்துக்கும் சேர்த்து ஒரே தடவையா வாங்கிடலாம்னு சொல்றாங்க மாமா" என்கிறான். தங்கை வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள்.

பட்டியலில் என்ன இருக்கிறது? உறையும் குளிருக்கான ரெகுலேட்டர். இரட்டை சிலிண்டரைத் தாங்கும் பெரிய காற்றுப்பை. உடம்பில் தண்ணீரே படாத டிரை சூட். பையன் பயிற்சியில் கடலில் இறங்கியது நான்கே முறை. அவனுக்கு அனுமதித்த ஆழம் 18 மீட்டர். அந்தமான் கடலோ 28 டிகிரிக்குப் பக்கம். ஐரோப்பியத் தரமான இ.என். 250, 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் குளிர்நீர் ரெகுலேட்டர் கேட்கிறது. இவன் எந்தப் பனிக்கடலில் குதிக்கப் போகிறான்?

பணம் போனால் போகட்டும் என்று விட முடியாது. 34 வருடம் பாயில் விதி நடத்தியவன் நான். 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் காற்று, மேற்பரப்புக்கு வந்தால் இரு மடங்காக விரியும். ஒற்றை சிலிண்டரோடு தேவைக்கு மேல் பெரிய பையை மாட்டினால் அது மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். மடிப்புக்குள் காற்று ஒளிந்திருக்கும். ஏறும்போது அது விரிய, புதியவன் வெளியேற்றத் தெரியாமல் தடுமாறி விர்ரென்று மேலே போவான். நுரையீரலுக்கு அது விளையாட்டில்லை. டிரை சூட்டுக்குள்ளும் இதே காற்றுதான், அதற்குத் தனிப் பயிற்சியே இருக்கிறது.

"மலிவாக வாங்கினால் இரண்டு தடவை செலவு" என்று சில உறவுகள் சொல்வீர்கள். அதில் பாதி நியாயம் உண்டு. அதனால்தான் பத்தாம் வகுப்பு பி பிரிவில் கடைசி பெஞ்சில் இருந்து, இப்போது டைவிங் பயிற்சியாளராக இருக்கும் என் மாணவனிடம் கேட்டேன். (அன்று பாயில் விதியில் பூஜ்யம் வாங்கியவன், இன்று எனக்கே நடத்துகிறான்!) அவன் சொன்ன எதிர்காலம் வேறு. ரெகுலேட்டரை டின் இணைப்பில் வாங்கு. அது 300 பார் வரை தாங்கும், யோக் 232 வரைதான். ஒரு சின்ன அடாப்டர் போட்டால் யோக் வால்விலும் மாட்டலாம். காற்றுப்பை வேண்டுமென்றால் எஃகுத் தகடும் ஒற்றை சிலிண்டர் பையும் போதும். நாளைக்கு இரட்டை வந்தால் பையை மட்டும் மாற்று, தகடு அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் நைட்ராக்ஸ் கணக்குப் போடுவதாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாஸ்க். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் ஒரே ஒரு முறை இறங்கியபோது என் மீசை வழியாகக் கடலே உள்ளே வந்துவிட்டது. பட்டியலில் மாஸ்க் கடைசி வரியில், அளவுகூடப் பார்க்காமல்.

இன்னொன்று. ரெகுலேட்டரைப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் உள்ளே ரப்பர் வளையங்களுக்கு வயதாகும், சர்வீஸ் செய்தே ஆக வேண்டும். ஐந்து வருடம் கழித்துத் தேவைப்படும் என்று இன்று வாங்கிய பொருள் அன்றைக்குப் பழைய பொருள். அந்த பிராண்டை நம் ஊரில் பிரித்துப் பார்க்க ஆள் உண்டா, உதிரிபாகம் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டாயா என்றேன். முழித்தான்.

மாப்பிள்ளை, மாஸ்க், கம்ப்யூட்டர் இரண்டையும் இப்போது வாங்கு. மற்றதை இன்னும் இருபது முறை வாடகைக்கு எடுத்து இறங்கிப் பார்த்துவிட்டு வா. அம்மாவிடம் வளையலை உள்ளே வைக்கச் சொல். மாமா மேல் கோபமென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சண்டை போடு, அத்தை பணியாரம் சுடுகிறாள்.