மெஸ்கால் எண்டால் மரியாதை, கள்ளு எண்டால் நக்கலா?

டெகீலா, மெஸ்கால், கம்பாரி, இனிப்பு வெர்மூத். ஐஸ் போட்டுக் கலக்கி, தோடம்பழத் தோலைப் பிழிஞ்சு விட்டால் கசப்பும் இனிப்புமாக ஒரு கொக்டெயில். வெளிநாட்டுச் சொந்தக்காரர் போத்திலோடை வந்தால் கிளிநொச்சி விறாந்தையிலும் இது நடக்கும். நடக்கட்டும். எங்கட கேள்வி வேற.

மெஸ்கால் எண்டது மெக்சிக்கோ நாட்டுப்புறத்தவர் கற்றாழைத் தண்டைக் குழியிலை சுட்டு, புளிக்கவிட்டு வடிக்கிற சாராயம். ஒருகாலத்தில் ஏழைகளின் குடி என்று இகழப்பட்டது. 1974இல் டெகீலாவின் பெயருக்கும், 1994இல் மெஸ்காலின் பெயருக்கும் அந்த நாடு சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

எங்கட பனைக்கு? பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே வந்திட்டுது. ஆனாலும் சீவல் தொழிலாளியை இண்டைக்கும் சாதி சொல்லித்தான் அளக்கிறம். மெஸ்காலின் புகை மணம் 'பிளேவர்', தவறணைக் கள்ளு 'நாத்தம்'. இந்த மூக்கைப் பழக்கினது சாதிதான்.

குடியுங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்லை. கசிப்பு அழிச்ச குடும்பங்களை வன்னிக்குத் தெரியும். நாங்கள் கேட்கிறது மரமேறுகிறவருக்கு நியாய விலை, விழுந்தால் காப்புறுதி, 'அண்ணை' எண்டு கூப்பிடுற மரியாதை. அதில்லாமல் நாளைக்குப் பனஞ்சாராயத்திலை தேசிக்காயும் பனங்கட்டியும் சேர்த்துக் கொக்டெயில் கலக்கினாலும் அது வெறும் ஸ்டைல்தான்.